மாவு மில்லில் தங்கிய நிழல்

பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெயிலுகந்தாளின் மாவு மில்லுக்குள் வந்து விழுந்த நிழல், வெயில் உச்சிக்கு ஏறி, மேற்கே சாய்ந்து, தெருவிளக்குகள் எரிந்த பிறகும் அங்கிருந்து எழுந்து போகவில்லை. மிஷின் ஓட்டும் கொம்பையா கதவைச் சாத்தும்போது அதைப் பார்த்தான், விடிந்தால் போய்விடும் என்று பூட்டிக்கொண்டு கிளம்பினான். புதன்கிழமை காலையில் புது நிழல் வந்து, மடித்த சேலையின் மேல் இன்னொரு மடித்த சேலையை வைத்ததுபோல, கோட்டுக்குக் கோடு பிசகாமல் பழைய நிழலின் மேல் படிந்துகொண்டது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் அது போகும் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்த நிழலுக்குச் சொந்தக்காரன் நான் என்று ஊர் சொன்னது. எனக்கு அது சரியா என்று தெரியவில்லை. நான் வரைந்தது சுவரைத்தான். விருதுநகருக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊரில் சின்னக் கடைகளுக்கு முகப்பும் உள்ளமைப்பும் போட்டுக் கொடுப்பது என் தொழில். மருந்துக் கடை, செல்போன் கடை, போட்டோ ஸ்டுடியோ, எங்கே நுழைந்தாலும் நான் குறித்த இடத்தில்தான் மேசை இருக்கும், நான் குறித்த உயரத்தில்தான் அலமாரி இருக்கும், யாருக்கும் முழங்கை இடிக்காது, யாருக்கும் தலை முட்டாது. "வசதியா இருக்கு, சிகாமணி அண்ணாச்சி" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். வசதியாக இருந்த எந்தக் கடையின் முன்னாலும் யாரும் ஒரு நிமிடம் நின்று பார்த்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு அந்தச் சொல் சோற்றில் கிடக்கும் கல்லைப்போல எனக்குப் பல்லில் நெரிபட ஆரம்பித்தது.

அப்படி நெரிபட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் வெயிலுகந்தாள் கூப்பிட்டு அனுப்பினாள். நாற்பதைத் தொட்ட பெண், கூட ஆள் கிடையாது, வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்த பழைய மில் இடிந்துபோனதும் சொந்த இடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது சுருக்கமாக இருந்தது.

"தூசி வெளிய போகணும். வரிசை உள்ளயே நிக்கணும், ரோட்டுக்குப் போகக்கூடாது. மாவு நைஸா இருக்கான்னு கையில எடுத்துப் பாக்க வெளிச்சம் வேணும்."

"வேற?"

"மில்லுக்கு வேறென்ன வேணும், அண்ணாச்சி?"

எங்கள் பக்கத்து மில்களில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, பாத்திரங்கள்தான் நிற்கும். டின்னும் தூக்குவாளியும் எவர்சில்வர் டப்பாவும் வந்த வரிசைப்படி தரையில் உட்கார்ந்திருக்க, அவற்றின் சொந்தக்காரிகள் மார்க்கெட்டுக்கோ ரேஷன் கடைக்கோ போய்விட்டு வருவார்கள். தன் டப்பாவைப் பிறத்தியார் டப்பா முந்திவிட்டால் அன்று தெருவே சண்டையில் கிழியும். ஆகவே ஒரு மில்லுக்குத் தரைதான் மூலதனம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தரைக்கு நேராக, கிழக்குச் சுவர் முழுக்க, கொத்தனார்கள் ஜாலி என்று சொல்லும் துளைபோட்ட சிமெண்ட் சுவரை வரைந்தேன். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் தெரியுமே ஐந்து அறைகளோடு ஒரு பூ, அதைத் துளையாக வைத்து, பூவுக்குப் பக்கத்தில் பூவாகச் சுவர் நிறைய. காற்றுக்காக என்று வெயிலுகந்தாளிடம் சொன்னேன். சரி என்றாள். கட்டட வேலையின் இரைச்சல் தாங்காமல் நான் எப்போதும் சாயங்காலத்தில்தான் அளவெடுக்கப் போவேன், ஆகவே காலை வெயில் அந்தச் சுவர் வழியாக உள்ளே வந்து எங்கே எப்படி உட்காரும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அது வந்து உட்கார்ந்தது, சரியாக வரிசை நிற்கும் இடத்தில்.

மில் என்றால் மாவு படியும். சுவரில் படியும், விளக்கில் படியும், கொம்பையாவின் புருவத்திலும் சாமி படத்து மாலையிலும் படியும். அந்த நிழலின் மேல் மட்டும் படியவில்லை. வெள்ளைத் தரையில் கறுப்புக் கோடுகள் பின்னிப் பின்னி ஓட, கோடுகளுக்கு நடுவே மாவு நிறைந்த வெள்ளைப் பூக்கள் சாய்ந்து நீண்டு வாசலிலிருந்து மிஷின்வரை பூத்துக் கிடந்தன. வாசலுக்கு வந்த திரவியம், மேலத்தெருவில் ஐந்து வீட்டுக்குச் சேர்த்து மாவு அரைத்து வாங்கிப்போகும் பெரிய வாய்க்காரி, இடுப்பில் டின்னோடு அப்படியே நின்றாள்.

"யாத்தே, யாரு போட்ட கோலம் இது?"

அந்த ஒரு சொல்லில் காரியம் முடிந்தது. கோலத்தை யார் மிதிப்பார்கள்? பிறத்தி வீட்டு வாசலில் பால் பாத்திரத்தோடு ஓடுகிறவள்கூடக் காலை அகட்டி வைத்துத் தாண்டித்தான் ஓடுவாள். பெண்கள் செருப்பை வாசலிலேயே கழற்றினார்கள். பிள்ளைகள் பாண்டி விளையாடுவதுபோலப் பூவுக்குப் பூ குதித்து உள்ளே போய்த் திரும்பினார்கள், ஆனால் டின்னைச் சுமந்துகொண்டு யார் குதிப்பது? டப்பாக்கள் வாசற்படியில் நின்றன, படி நிறைந்ததும் ரோட்டில் நின்றன, ரோட்டில் நின்ற டப்பாக்களைச் சுற்றி டவுன் பஸ் ஹாரன் அடித்தது. கொம்பையா பின்வாசல் வழியாகச் சுற்றிவந்து ஒவ்வொரு டின்னாகத் தூக்கிப்போய் அரைத்து, மறுபடி சுற்றிவந்து கொடுத்தான்.

"எலேய், அது வெறும் நிழல்தான, மிதிச்சுட்டு வாயேன்" என்று வெயிலுகந்தாள் கத்தினாள்.

"மிதிக்க மாட்டேன்க்கா. ஊரான் போட்ட கோலத்துல கால் வச்சேன்னு எங்காத்தா சூடு போட்டு வளத்த காலு இது."

துடைத்துப் பார்த்தார்கள். ஈரச் சாக்கை நீளக் கம்பில் கட்டி இழுத்தார்கள், சோப்புத் தூள் போட்டார்கள், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பிறகு அது எண்ணெய் வைத்து வாரிய தலையைப்போல இன்னும் பளபளவென்று ஆனது.

பிறகு வெயில் முற்றியது. எங்கள் ஊர் வெயில் மனிதனை அப்பளம்போலப் பொரிக்கும். அந்த வெயிலில், அக்கிக்கும் வேர்க்குருவுக்கும் ராப்பகலாக அழுத ஒரு கைப்பிள்ளையை அதன் தாய் மில் வாசலில் இறக்கிவிட, அது தவழ்ந்து போய் நிழற்கோட்டின் மேல் குப்புறப் படுத்து, அழுகையை நிறுத்தி, தூங்கிப்போனது. திரவியம் குனிந்து கோட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். புதுப்பானைத் தண்ணீர்போல ஜில்லென்று இருந்தது. அவள் நிமிர்ந்து ஊருக்கே தீர்ப்புச் சொன்னாள்.

"மிதிக்கத்தான் கூடாது. படுக்கலாம்."

அன்றைக்கு மதியமே படுத்தார்கள். வாசலில் மண்டியிட்டு, உருண்டு உருண்டு உள்ளே போய், அவரவருக்குப் பிடித்த பூவில் படுத்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் படுத்தார்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் படுத்தார்கள், தாலுகா ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் இரண்டு குமாஸ்தாக்கள் வந்து, சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். அந்த நிழலில் படுத்தவனுக்குக் கனவில் காது கேட்காது என்றும், எந்தக் கடன்காரனும் அங்கே வந்து எழுப்ப மாட்டான் என்றும் ஊரில் பேச்சு எழுந்தது. பேச்சுக்குத் தகுந்தபடி கூட்டமும் எழுந்தது. எங்கள் ஊரில் ஓர் அதிசயம் பழகிப்போக அதிக நாள் ஆகாது. பழகியதும் அதில் குறை சொல்ல ஆரம்பிப்போம்.

"யம்மா, அந்த மிஷினக் கொஞ்சம் நிப்பாட்டக் கூடாதா? பிள்ள தூங்குதுல்ல" என்றாள் ஒருத்தி.

"மதியத்துல மிளகா அரைக்காதீங்க, நெடி தாங்கல" என்றார் குமாஸ்தா, படுத்த இடத்திலிருந்தே.

வெயிலுகந்தாள் மிஷினுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அரிசிக்கும் கோதுமைக்கும் காலை, மிளகாய்க்கும் மல்லிக்கும் மதியத்துக்கு மேல், இது மில்களின் முறை. மாற்றி அரைத்தால் இடியாப்பம் உறைக்கும். பங்குனியும் சித்திரையும்தான் ஊர் முழுக்க வத்தலும் மல்லியும் காயவைத்து வருஷத்துக்கு வேண்டிய பொடியை அரைத்து வைக்கும் காலம். அந்த இரண்டு மாதத்தில் ஓடாத மில் அந்த வருஷத்தில் ஓடாது. டப்பாக்கள் ரோட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கீழத்தெரு மில்லுக்குப் போயின. அது தகரக் கொட்டகை, ஜன்னல்கூடக் கிடையாது, உள்ளே போனவர்கள் தும்மிக்கொண்டே வெளியே வருவார்கள், ஆனால் டப்பாவை வைக்கத் தரை இருந்தது.

அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தினமும் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு அளவெடுக்க வந்தவன்போல மில்லுக்குப் போய் நின்றேன். வெயில் சுவரில் ஏறி, பூக்கள் வழியாக உள்ளே இறங்கி, தரையில் தன் இடத்தைத் தேடி, பழைய கோட்டின் மேல் அசையாமல் படிகிற நேரத்தில் டேப்பை நீட்டவும் மறந்துபோவேன். ஜனங்கள் நின்று பார்த்தார்கள். நகைக்கடைக்காரர் ஒருவர் என்னைத் தேடிவந்து அதே சுவர் வேண்டுமென்றார், அதே அச்சில் அதே கொத்தனார் வார்த்தும் அங்கே விழுந்த நிழல் பத்து மணிக்கு ஒழுங்காக எழுந்து போய்விட்டது. அவருக்கு வருத்தம். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம். சந்தோஷத்தோடு திரும்பி வரும்போது ரோட்டில் ஒரு டப்பாவும் நிற்காத மில்லைப் பார்ப்பேன். என் சந்தோஷம் அந்தப் பெண்ணின் அடுப்பிலிருந்து எடுத்த நெருப்பா? கையில் பிடித்திருப்பது சுடுகிறது, கீழே போடவும் மனசில்லை. உட்கார முடியாமல் தண்டவாளம்வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி மில் வாசலில் நிற்பேன்.

ஒரு நாள் வெயிலுகந்தாள் என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"கொம்பையா கீழத்தெரு மில்லுக்குப் போறேங்கான். சும்மா நின்னா மிஷின் பெல்ட்டு இறுகிப்போகுமாம், அதோட சேந்து இவனும் இறுகிப்போவானாம். சித்திரை பொறக்கதுக்குள்ள இந்தத் தரை எனக்கு வேணும், அண்ணாச்சி. இல்லைன்னா மிஷின வித்துட்டு நானும் உங்க நிழல்லயே படுத்துக்கிட வேண்டியதுதான்."

"சுவரை அடைச்சிரலாம்" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம்.

செங்கல் வைத்து அடைத்தோம். மில் இருண்டது, தூசி வெளியேற வழியில்லாமல் பஞ்சாலையில் பஞ்சுபோல மிதந்தது, கையில் எடுத்த மாவு நைஸா குருணையா என்று தெரியவில்லை, படுத்திருந்தவர்கள் இருமினார்கள். நிழல் மட்டும் அப்படியே கிடந்தது. வெயிலே இல்லாத இருட்டில், இருட்டைவிடக் கறுப்பாக, ஒரு பூ குறையாமல் கிடந்தது. மூன்றாம் நாள் வெயிலுகந்தாளே கடப்பாரையை எடுத்துச் செங்கல்லைத் தட்டிவிட்டாள்.

"காத்து இல்லாம செத்துருவோம் போலருக்கு."

"காத்துக்காகத்தான்னு அப்பவே சொன்னேன்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவள் கடப்பாரையைச் சாத்திவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். புருவத்தில் செங்கல் தூளும் மாவும் கலந்திருந்தன.

"காத்துக்குன்னா நாலு ஓட்டை போதும்னு எனக்குத் தெரியாதாக்கும்? நீங்க காயிதத்த விரிச்சீங்க. பாத்தேன். நல்லா இருந்துச்சு. காலம் பூரா இதுக்குள்ளதான கெடக்கப் போறோம், கண்ணுக்கும் ஏதாச்சும் இருக்கட்டும்னு சரின்னேன். உங்க காத்துக் கதைய நம்பிட்டேன்னு நெனச்சீகளா?"

அவளை ஏமாற்றி அழகைக் கொடுத்தேன் என்று ஒரு குற்றத்தையும், அந்தக் குற்றத்தோடு ஒரு பெருமையையும் இத்தனை நாளாகப் பொத்தி வைத்திருந்தேன். இரண்டும் என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டது. அழகு எனக்கு மட்டும்தான் வேண்டியிருந்தது, மற்றவர்களுக்குத் தரை போதும் என்று எந்த அளவுகோலால் அளந்தேன்?

வாசலில் திரவியம் நின்றுகொண்டிருந்தாள். கீழத்தெரு மில்லில் அரைத்த மாவில் மிளகாய் கலந்து ஐந்து வீட்டிலும் வசவு வாங்கிய கோபம் அவளுக்கு.

"இதுக்குப் போயி கடப்பாரையும் செங்கல்லும்! போட்டவங்க காலெடுத்து வச்சா எந்தக் கோலமும் அழியத்தான் செய்யும். காலையில போட்ட கோலத்த மறுநாள் எங்க கையால நாங்க கூட்டித் தள்ளலையா? ஒருத்தியாவது ஒப்பாரி வச்சுப் பாத்திருக்கீகளா?"

"நான் போடலம்மா. சூரியன்தான் போட்டது."

"சூரியனக் கூப்பிட்டா வருமா? அதுக்கு அடுத்து நீங்கதான இருக்கீக."

கூட்டம் சிரித்தது. வெயிலுகந்தாள் சிரிக்கவில்லை. "நானே மிதிச்சிருவேன், அண்ணாச்சி. மிதிச்சா கோலத்தக் கெடுத்த மில்லுன்னு ஒரு டப்பா வராது. நீங்க நடந்தா யாரும் பேச மாட்டாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "நடங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அன்று முழுவதும் வீட்டில் எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். மறுநாள் காலை வெயில் இறங்கிப் படியும் நேரத்துக்கு நான் நடப்பேனா என்று பார்க்க மில் வாசலில் ஊர் நின்றது. படுத்திருந்தவர்கள் உருண்டு ஒதுங்கினார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு எழுந்திருக்க மனமே இல்லை, "யோவ், மிதிபடப் போறீரு" என்று ஆட்டோக்காரர் காலைப் பிடித்து இழுத்தார்.

நான் செருப்பைக் கழற்றினேன். முதல் கோட்டில் கால் வைத்தபோது ஆறிய பாலின் ஆடைமேல் விரல் வைத்ததுபோல அது ஒரு கணம் தாங்கியது, பிறகு உடைந்தது. குளிர்ச்சி கணுக்கால்வரை ஏறியது. காலை எடுத்தேன். கால் இருந்த இடம் சிமெண்ட் தரையாக, சாதாரணமாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது. எந்தச் சத்தமும் எழவில்லை. வானத்தில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அடி வைத்தேன். கறுப்பு என் உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு வர, வாசலிலிருந்து மிஷினை நோக்கி, டின்னுக்கு டின் இடிக்காமல் எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு அகலத்துக்கு, காலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடந்தேன். இரண்டு பக்கமும் பூக்கள் இருந்தன. நடுவில் ஒரு வழி விழுந்தது.

மிஷினுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பினேன். இன்னும் நடக்க வேண்டுமே என்று மீதித் தரையைப் பார்த்தேன்.

"போதும், அண்ணாச்சி" என்றாள் வெயிலுகந்தாள். "வரிசைக்கு இவ்வளவு போதும். மிச்சம் கெடக்கட்டும். படுக்கிறவங்க படுத்துக்கிடட்டும், மிஷின் சத்தம் ஆகாதவங்க அவங்க வீட்டுல போய்ப் படுக்கட்டும்."

என் பூ பிழைத்துக்கொண்டது என்று தோன்றியது. வழிக்கு இடதுபுறம், மிஷின் ஓரத்தில், இருப்பதிலேயே பெரிய பூ முழுதாக இருந்தது. வெயில் மிகச் சரியாகச் சாயும் இடம், ஐந்து அறையும் இழுபடாமல், நான் காகிதத்தில் வரைந்த அதே வடிவில் விழும் ஒரே இடம். தினமும் காலையில் டேப்போடு வந்து நான் பார்த்தது அதைத்தான்.

முதல் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரவியம் வழியில் நடந்து வந்தாள். ஒரு கறுப்பையும் மிதிக்காமல் மிஷின்வரை வந்து கொட்டினாள். கொம்பையா பெல்ட்டை மாட்டினான். மாவு நிறைந்த டின்னை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்ப முயன்றாள். திரும்ப முடியவில்லை. டின் ஏறிய இடுப்போடு ஒரு பெண் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும், முப்பது வருஷமாக அதைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். முழங்கை மிஷினில் இடித்தது. ஒரு காலைத் தூக்கினாள், வைக்க இடமில்லாமல் தூக்கியபடியே நின்றாள், பின்பக்கமாக நடந்து போய்விடலாமா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெயிலுகந்தாள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

யாரும் கேட்கவில்லை. நான் இடதுபுறம் ஓர் அடி எடுத்து வைத்தேன், பிறகு இன்னோர் அடி, குதிகாலை ஊன்றி அரைவட்டமாகத் திரும்பினேன். கோடுகள் காலடியில் பாலாடைபோல உடைந்தன. பூ எங்கேயும் போகவில்லை, அது முதலிலிருந்தே வெறும் தரைதான். அதைச் சுற்றியிருந்து பூவாக்கிய கோடுதான் போயிற்று.

திரவியம் அந்த இடத்தில் காலை ஊன்றித் திரும்பினாள். டின்னிலிருந்து ஒரு பிடி மாவு சிந்தியது.

"இம்புட்டு இடத்த மொதல்லயே விட்டிருந்தா என்னவாம்?" என்று கேட்டாள், போகிற போக்கில்.

சொல்ல வாயைத் திறந்தேன். கொம்பையா மறுபடி சுவிட்சைப் போட்டுவிட்டான். அந்த இரைச்சலில் நிழலில் படுத்திருந்த கைப்பிள்ளை ஒன்று விழித்து வீறிட்டது, அதன் தாய் மிஷினைத் திட்டுவது உதட்டசைவில் மட்டும் தெரிந்தது, அடுத்த டின்காரி வழியில் பாதி தூரம் வந்து நின்று என்னையே பார்த்தாள். ஏன் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. நான் வழியில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒதுங்கினேன். வரிசை நகர்ந்தது.